முதல் மூன்று நிமிடங்கள் (நூல்): ஒரு திறனாய்வு

‘முதல் மூன்று நிமிடங்கள்’ என்பது அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பர்க் ஆங்கிலத்தில் எழுதி, 1977இல் வெளிவந்த அறிவியல் நூல். பேரண்டத்தின் தொடக்கக் காலத்தைப் பொது வாசகருக்கு விளக்குகிறது. கணிதம் தனிப் பின்னிணைப்பாகத் தரப்பட்டுள்ளது.

தொடங்கும் இடம்

நூலின் விளக்கம் பெருவெடிப்பின் சுழி நேரத்திலிருந்து தொடங்கவில்லை. ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு கழிந்து, வெப்பநிலை 10,000 கோடி கெல்வினாக இருந்த நிலையே முதற்காட்சி. அதற்கு முந்தைய நிலையை அன்றைய இயற்பியலால் உறுதியாகக் கணக்கிட முடியவில்லை. இந்த எல்லையை ஆசிரியர் மறைக்கவில்லை. அந்த நேர்மையே நூலின் முதன்மையான வலிமை.

முதற்காட்சியில் நியூட்ரான்களும் புரோட்டான்களும் ஏறத்தாழ சம அளவில் உள்ளன. பேரண்டம் விரிந்து குளிரக் குளிர நியூட்ரான்களின் பங்கு குறைகிறது. விரிவின் வேகத்தை ஈர்ப்புவிசை கட்டுப்படுத்துகிறது. மூன்றே முக்கால் நிமிடத்தில் நியூட்ரான்களின் பங்கு சுமார் 13 விழுக்காடு. அவை ஒவ்வொன்றும் ஒரு புரோட்டானோடு சேர்ந்து ஹீலியத்துக்குள் அடைபடுவதால், ஹீலியத்தின் நிறைப்பங்கு அதைப்போல் இருமடங்கு, அதாவது சுமார் 26 விழுக்காடு. விண்ணில் காணப்படும் ஹீலியமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. பள்ளி மாணவரும் பின்தொடரக்கூடிய இக்கணக்கு நூலின் சிறந்த பகுதி.

தவறவிட்ட கண்டுபிடிப்பு

தொடக்கக் கால வெப்பத்தின் எச்சமாக இன்று சுமார் 5 கெல்வின் கதிர்வீச்சு இருக்கும் என்று ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948இல் கணித்தனர். 1965இல் அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்போ தற்செயலாக நிகழ்ந்தது. பென்சியாசும் வில்சனும் தங்கள் அலைவாங்கியில் நீங்காத இரைச்சலைக் கண்டனர். அது எதனால் என்பது பிறகே விளங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏன் தேடவில்லை என்று வைன்பர்க் கேட்கிறார். இயற்பியலாளர்கள் தங்கள் சமன்பாடுகளைப் போதிய அளவு நம்பவில்லை என்பதே அவருடைய முக்கியமான விடை.

இப்பாடம் பாதி உண்மையே. 2014 மார்ச்சில் ‘பைசெப்2’ ஆய்வுக்குழு, தொடக்கக் கால ஈர்ப்பலைகளின் தடயம் கிடைத்ததாக அறிவித்தது. அந்தச் சமிக்ஞையில் பெரும்பகுதி நமது விண்மீன் மண்டலத்தின் தூசியிலிருந்து வந்திருக்கலாம் என்று, பிளாங்க் செயற்கைக்கோள் தரவுகளோடு சேர்த்துச் செய்த ஆய்வு 2015இல் காட்டியது. கோட்பாட்டை நம்பாததால் ஒரு கண்டுபிடிப்பு தாமதமாயிற்று. எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது என்று அவசரப்பட்டதால் மற்றோர் அறிவிப்பு நிலைக்கவில்லை.

குறைகள்

ஆலன் கூத்தின் வீக்கக் கோட்பாடு (1981) நூலுக்குப் பிந்தையது. பேரண்ட விரிவு முடுக்கமடைகிறது என்பது 1998இல் தெரியவந்ததால், எதிர்காலம் பற்றிய இறுதி இயலும் பழையதாகிவிட்டது. அந்த இயலின் முடிவில், பேரண்டத்துக்கு நோக்கம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற கருத்தை வைன்பர்க் முன்வைக்கிறார். முந்தைய இயல்களின் கணக்குகளிலிருந்து அம்முடிவு பெறப்படவில்லை. அது ஆசிரியரின் தனிப்பட்ட பார்வை. இரண்டுக்கும் இடையிலான கோட்டை நூல் தெளிவாக வரையவில்லை.

மதிப்பீடு

தகவலுக்காக மட்டும் படிப்போர் புதிய நூல்களை நாடலாம். தெரிந்தது எதுவரை, ஊகம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியப் பழக விரும்பும் மாணவருக்கு இந்நூலின் முதற்காட்சி இன்றும் நல்ல பயிற்சி.