அறியா மைந்தர்: அருச்சுனன் கதையில் தந்தைமை

தனியனாய்த் திரிந்த காலத்தின் விளைவு வளர்ந்த மகனாக எதிரில் வந்து நிற்பது, பல நாட்டு இலக்கியங்களிலும் பயிலும் கதைக்கூறாகும். பாரதத்தில் இக்கூறு அருச்சுனனைச் சார்ந்து இருமுறை வருகின்றது. உலூபி பெற்ற இரவான் ஒருவன். தமிழ் மரபு அவனை அரவான் என்னும். சித்திராங்கதை பெற்ற பப்புருவாகனன் மற்றொருவன். இவ்விரு மைந்தரையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, வீரனாகப் போற்றப்படும் அருச்சுனன் தந்தையாக எங்ஙனம் மதிப்பிடப்படுகிறான் என்பது புலனாகும்.

நோன்பும் மணமும்

உடன்பிறந்தாரிடையே அமைந்த நெறியைக் கடந்தமையால், பன்னிரண்டு ஆண்டுகள் பிரமசரிய நோன்புடன் நாடு நீங்கி வாழும் கடப்பாடு அருச்சுனனுக்கு நேர்கின்றது. அந்நோன்பு திரௌபதியைக் குறித்தது மட்டுமே என்று உலூபி வாதிடுகிறாள், அவனும் இசைகிறான். பின்னர்ச் சித்திராங்கதையை மணக்கிறான். வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாகக் காட்டுவர். நோன்பு பூண்டவன் என்னும் நிலை அவனுக்குக் குடும்பச் சுமையினின்று விடுதலை தருகின்றது. நோன்பிற்குக் கூறப்பட்ட விளக்கம் இன்பத்திற்கு இடந்தருகின்றது. இவ்விரண்டின் பயனையும் அவன் துய்க்கிறான். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்போ தாயரைச் சேர்கின்றது.

அரவான்

வியாச பாரதத்தின் பீஷ்ம பருவத்தில் அரவானின் முன்வரலாறு சுருக்கமாகக் கூறப்படுகின்றது. பார்த்தன்மேற் கொண்ட பகையால் உறவினன் ஒருவன் அவனைக் கைவிடுகிறான். நாகருலகில் தாயின் காப்பில் அவன் வளர்கிறான். தந்தை இந்திரனுலகில் இருப்பதறிந்து, தானே சென்று தன்னை இன்னான் என்று அறிவித்துக்கொள்கிறான். அருச்சுனன் பழையன நினைந்து மகனைத் தழுவுகிறான். ஆயினும் அச்சந்திப்பிலேயே, வரவிருக்கும் போரில் துணைசெய்ய வேண்டும் எனவும் கேட்கிறான். தழுவலும் வேண்டுகோளும் ஒருசேர நிகழ்வது நோக்கத்தக்கது. மகன் தேடி வந்தது தந்தையை; தந்தை கண்டது மகனோடு ஒரு படைவீரனையும்.

வியாசர் அரவானைப் போரின் எட்டாம் நாளில் அரக்கன் கையால் மடியச் செய்கிறார். தமிழ் மரபு இன்னும் ஒரு படி சென்று அவனைக் களப்பலி ஆக்குகின்றது. தந்தையின் வெற்றிக்கு மகனின் உடலே முன்விலையாகிறது. வியாசரிடம் குறிப்பாக நின்ற பொருளைத் தமிழ் மரபு வெளிப்பட உரைத்தது எனலாம்.

பப்புருவாகனன்

வில்லிபாரதம் பத்துப் பருவங்களோடு அமைவது. ஆதலின் அசுவமேதப் பருவத்துப் பப்புருவாகனன் போர் அதில் இடம்பெறவில்லை. பலியான மகனை விரித்துரைக்கும் அந்நூலில், தந்தையை எதிர்த்த மகனின் செயல் இல்லை. இக்குறையைத் திருப்பதிப் பகுதியோடு தொடர்புடைய தெலுங்கு நூலொன்று நிறைவு செய்கின்றது. திருப்பதியை அடுத்த சந்திரகிரியில் இருந்து ஆண்டு, 1485இல் விசயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மனுக்குப் பில்லலமர்ரி பினவீரபத்திரர் தம் சைமினி பாரதத்தை உரிமையாக்கினார். அசுவமேதக் கதையே அதன் பொருள்.

வேள்விக் குதிரையைத் தொடர்ந்து வந்த தந்தையைப் பப்புருவாகனன் பணிவுடன் எதிர்கொள்கிறான். படையெடுத்து வந்தவனைப் பணிந்து ஏற்பது மறக்குடிக்கு இழுக்கு என்று அருச்சுனன் கடிந்துரைக்கிறான். உலூபி தோன்றி மைந்தனைப் போருக்குத் தூண்டுகிறாள். மகன் அம்பால் தந்தை வீழ்கிறான். உலூபி தந்த மணியால் மீண்டும் உயிர் பெறுகிறான்.

பாரசீகத்து ஷாநாமாவில் உருஸ்தம் தன் மகன் சொராபை இன்னான் என்று அறியாமற் கொல்கிறான். அங்குத் துயரின் வேர் அறியாமை. இங்கோ இருவரும் ஒருவரையொருவர் அறிவர். அன்புடன் வந்த மகனை மகனாக ஏற்கத் தெரியாமையே இங்குத் துயரின் வேர்.

பீஷ்மரை வீழ்த்திய பழி நீங்கவே இது நிகழ்ந்தது என உலூபி பின்னர் விளக்குவது உண்மை. அவ்விளக்கம் அருச்சுனனின் வீழ்ச்சிக்குக் காரணம் கூறுகின்றதேயன்றி, மகனின் கடமையுணர்வைத் தந்தை இகழ்ந்தமைக்கு விடை கூறவில்லை. மேலும், தன் மகனைப் போரில் இழந்த உலூபியே பிறிதொருத்தியின் மகனைத் தந்தைக்கு எதிராக நிறுத்துவதும், வீழ்ந்தவனை எழுப்புவதும் எண்ணத்தக்கன. தண்டனையும் மன்னிப்பும் அவள் கையிலேயே உள்ளன.

விழாக்களம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் திரௌபதி, தர்மராசர் கோயில்களின் பாரத விழாக்கள் இன்றும் நிகழ்கின்றன. பகலில் அரிகதையும் இரவில் கூத்தும் நடைபெறும். உயர்ந்த தபசு மரத்தில் அருச்சுனன் வேடமிட்டவர் ஏற, மகப்பேறு வேண்டும் மகளிர் ஈர ஆடையுடன் அதனடியில் வீழ்ந்து கிடப்பர். மேலிருந்து எறியப்படும் பழமும் திருநீறும் அவர்களுக்கு வரமாகின்றன.

பெற்ற மைந்தரை வளர்த்தறியாதவனிடம் பிள்ளை வரம் வேண்டப்படுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் மரத்தில் ஏறுபவன் வழிப்போக்கனாகத் திரிந்த அருச்சுனன் அல்லன். ஒன்றை அடையும்பொருட்டு உடல் வருந்தித் தவம் இயற்றும் அருச்சுனன். காப்பியத்தில் மைந்தர்பொருட்டு அவன் மேற்கொள்ளாத வருத்தத்தை, விழாவில் அயலார் பிள்ளைகளுக்காக மேற்கொள்கிறான் எனக் கொள்ள இடமுண்டு. மகனைப் பெறுதல் எளிது, மகனுக்குத் தந்தையாதல் தவம் என்பதே இவ்விழா காப்பியத்திற்குச் செய்யும் உரையாகும்.