காப்பும் ஈடும்

'மருத்துவச் செலவினத்தை மீளப் பெறுதல்' என்பது அலுவலகத் தமிழ். ஊழியர் முதலில் தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். பிறகு ரசீதுகளையும் மருத்துவர் சான்றையும் இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். வேலை கொடுத்தவர் சரிபார்த்துத் தொகையைத் திருப்பித் தருவார். இந்த விதிகளை யாரும் ஒரு பனுவலாக எடுத்து வாசிப்பதில்லை. ஒரு நாவலில் யார் பேசுகிறார், யார் பேசாமல் சமைத்துக்கொண்டிருக்கிறார் என்று வகுப்பறையில் கேட்கப் பழகியவர்கள் நாம். அதே கேள்வியை ஒரு படிவத்திடமும் கேட்டுப் பார்க்கலாம்.

'முதலில் தன் கையிலிருந்து' என்கிறது விதி. யாருடைய கை?

காப்பு என்றால் காவல். கையில் போடும் வளையும் காப்புதான். வளைகாப்பு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈடு என்றால் இழந்ததற்கு இணையாகத் தருவது. கடனுக்குப் பிணையாக வைப்பதும் ஈடே. 'காப்பீடு' என்று யாரோ சொல்லாக்கம் செய்தபோது இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நடப்பது என்னவோ காப்பை ஈடு வைப்பதுதான். இரவில் மருத்துவமனை முன்பணம் கேட்கிறது. காலையில் அடகுக் கடை திறந்ததும் மனைவியின் வளையல் போகிறது. சில மாதம் கழித்துத் தொகை வருகிறது, ஊழியரின் வங்கிக் கணக்குக்கு. பணம் புறப்பட்டது ஒருத்தியின் கையிலிருந்து, திரும்பிவருவது வேறொருவர் பெயருக்கு. இடையில் ஏறிய வட்டிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. உடனிருந்து பார்த்துக்கொண்டவளின் பத்து நாள் உழைப்புக்கும் கிடையாது. அதற்கு ரசீது இல்லையே.

திருப்பிக் கேட்கவும் முதலில் 'ஊழியர்' ஆக வேண்டும். காஞ்சிபுரத்தில் அதுவே சிக்கல். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்படுகின்றன; ஒரு பக்கக் கரையின் நாடாவை எறிய இரண்டாவது ஆள் வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் அந்த ஆள் பெரும்பாலும் வீட்டைச் சேர்ந்தவர். பட்டு இழைப்பதும் தார் சுற்றுவதும் பெண்கள் வேலை. கூலியோ சேலைக் கணக்கில், ஒரே பெயரில் வருகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் (நாம் ஈ.எஸ்.ஐ. என்கிறோமே, அது) தொழிற்சாலையையும் நிறுவனத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரு தறி உள்ள கூடம் அதன் கண்ணுக்குத் தொழிற்சாலை ஆகாது. நெசவாளருக்கே இடமில்லாத சட்டத்தில் தார் சுற்றுபவளைத் தேடுவானேன்?

2005-06இல் மத்திய அரசு கைத்தறி நெசவாளருக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். நெசவாளர், அவர் துணை, இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேர் கணக்கு. மாமியார் கணக்கில் இல்லை. நாற்பது வருடம் பட்டிழை பார்த்துக் கண் மங்கியவர் பெரும்பாலும் அவர்தான். பிரசவத்துக்கு 2,500 ரூபாய், முதல் இரண்டு குழந்தைகளோடு சரி. இவ்வளவு குறை இருந்தும் அந்தத் திட்டத்தில் எனக்கு மதிப்பு உண்டு. 15,000இல் 7,500 வரை புறநோயாளிச் செலவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மூக்குக் கண்ணாடிக்கு 250 ரூபாய் என்று தனியாக எழுதியிருந்தார்கள். எழுதியவர் ஒரு தறியையாவது பார்த்திருக்கிறார் என்று எண்ணத் தோன்றும்.

இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை தருகிறது. பணம் கட்டாமலே சிகிச்சை என்பதால் வளையல் கையிலேயே இருக்கும். அது பெரிய விஷயம். அறுவை சிகிச்சையால் உயிர் பிழைத்தவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். ஆனால் அது பெரிதும் படுக்கையில் சேர்ந்தவருக்கான திட்டம். இடுப்பு வலி, இரத்தசோகை, வெள்ளைப்படுதல், கண் எரிச்சல் என்று நம் பெண்கள் சுமப்பதெல்லாம் நடந்துகொண்டே சுமக்கும் நோய்கள். அவள் படுத்தால் அன்று தறியும் நிற்கும், உலையும் கொதிக்காது. ஐந்து லட்சத்தைவிட அந்த 7,500 அவளுக்குப் பக்கத்தில் இருந்தது என்பது என் வாசிப்பு.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வருவோம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தம், 5 லட்சம் வரை காப்பு என்று இருந்தது. அதில் பெற்றோர் குடும்பமாவது ஊழியருக்குத் திருமணம் ஆகும்வரைதான். விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனாலும் மகன் வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு அவன் தன் பணத்தைச் செலவழித்தால் அது கடமை. மகள் தன் சம்பளத்தில் தாய்க்கு மருந்து வாங்கினால் புகுந்த வீட்டில் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மனப்பாங்கு எழுத்திலேயே ஏறிய இடம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'குடும்பம்' என்பதன் வரையறையில் சார்ந்திருக்கும் பெற்றோர் வருகிறார்கள். அடைப்புக்குறிக்குள், பெண் ஊழியர் என்றால் மாமனார் மாமியாரும் வருகிறார்கள். ஆண் ஊழியரின் மாமனார் மாமியார் எங்கே? காணோம். மருமகளின் உழைப்பில் அவர்களுக்குப் பங்கு உண்டு; மருமகனின் உழைப்பில் பெண்ணைப் பெற்றவர்களுக்குப் பங்கில்லை. ஊர் வழக்கத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுச் சட்டமாக்கியிருக்கிறார்கள். 'பயன் கூடியிருக்கிறதே, இதிலும் குறையா?' என்று கேட்பார்கள். மாமியாரோடு வாழும் பெண்ணுக்கு இது உதவிதான், எடுக்கச் சொல்லவில்லை. அந்த அடைப்புக்குறியில் 'பெண்' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்தால் போதும் என்கிறேன்.

தறி வீட்டு மகள்கள் இப்போது விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் ஈ.எஸ்.ஐ. அட்டை. அவள் பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25. அவளைச் சார்ந்தவர்கள் என்று, வருமான வரம்புக்குள் இருந்தால், பெற்றோரும் அந்த அட்டையில் வருகிறார்கள். வாழ்நாளெல்லாம் நெய்தும் ஓர் அட்டைக்குள் ஊழியராக நுழைய முடியாத அப்பா, மகளைச் சார்ந்தவராக நுழைகிறார். அம்மாவுக்கு இது புதிதல்ல. நெசவாளர் திட்டத்திலும் அவர் 'துணை'யாகத்தான் இருந்தார்.

மாணவிகள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருமணம் நிச்சயமானதும் வேலையை விடச் சொல்வது இங்கே சாதாரணம். விட்டால் பங்களிப்பு நிற்கும். வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்காதது, அப்பா அம்மாவின் மருத்துவமும் அதோடு நிற்கும் என்பது. ஆனால் உடனே அல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் 78 நாளுக்குப் பங்களித்திருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன்பெறும் காலம். அம்மாவின் கண்புரையை அந்த ஜூனுக்குள் காட்டிவிடுங்கள்.