ஏவலும் கேள்வியும்

2025 ஜூனில் எங்கள் கூமாப்பட்டி திடீரென்று பிரபலமாயிற்று. 'ஏங்க' என்று கூப்பிட்டு எல்லோரையும் ஊருக்கு வரச்சொன்ன ஒரு இளைஞனின் சிறு காணொளிகள்தான் காரணம். பிளவக்கல் அணையைத் தேடி வந்தவர்களில் பலர் உள்ளே போக அனுமதியில்லாமல் திரும்பினார்கள். வாங்க, பாருங்க என்று அந்தக் காணொளிகள் முழுக்க ஏவல் வினைதான். ஊரை விளம்பரப்படுத்த அது போதும், நானும் ரசித்தேன். அதே ஏவல் மனத்தை நோக்கித் திரும்பும்போதுதான் பிரச்னை.

என் தம்பி தென்னந்தோப்புக்குப் போவதை நிறுத்தி, தூக்கமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். உறவினர் ஒருவர் அவனை ஒரு வாழ்க்கைப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போனார். காலை 5 மணிக்கு எழு; 3 இலக்குகளை நோட்டில் எழுது. நோட்டின் முதல் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது. எழுத முடியாததும் தன் சோம்பல்தான் என்று அவன் நம்பத் தொடங்கினான். இருந்த பாரத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. பின்னால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எதையும் செய்யச் சொல்லவில்லை. "எப்ப இருந்து தூக்கம் வரலை?" என்றுதான் ஆரம்பித்தார்.

பயிற்சியாளர் கெட்டவரல்ல. எதிரில் இருப்பவன் நடக்கக்கூடியவன், வழிதான் தெரியவில்லை என்ற அனுமானத்தில் அவர் தொழில் நிற்கிறது. வேலையை மாற்றலாமா என்று திணறுகிறவனுக்கு அவர் உபயோகமானவர். சிகிச்சையோ ஏன் நடக்க முடியவில்லை என்பதில் தொடங்குகிறது. மருத்துவ உளவியலாளர் 1992ஆம் வருட மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பயிற்சியாளர் பலகை மாட்ட எந்தப் பதிவும் வேண்டாம்.

எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' எங்கள் வீட்டில் நைந்துபோகும்வரை கைமாறிய புத்தகம். எனவே தன்னம்பிக்கை எழுத்தை இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் நம் இலக்கியத்துக்கு இந்த வித்தியாசம் முன்பே பரிச்சயம். அகப்பாடல்களில் மகள் மெலிகிறாள்; தாய் கழங்கு பார்த்து, முருகனின் வேலையென்று வேலனை வரவழைக்கிறாள்; வெறியாட்டில் ஆட்டுக்குட்டி பலியாகிறது. உண்மை தெரிந்தவள் தோழி. கூட இருந்து கேட்டவள் அவள்தான். (தோழி மருத்துவரல்ல என்பது எனக்கும் தெரியும்.) வினவுவது, செவிகொடுப்பது இரண்டுக்கும் தமிழில் கேள்வி என்றே பெயர். அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. சிகிச்சை அறைக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

தம்பி இப்போது மாத்திரை சாப்பிடுகிறான்; மாதம் இருமுறை பேசவும் போகிறான். அங்கே என்ன பேசினான் என்று நான் கேட்பதில்லை.