இஞ்சி ரொட்டிப் பட்டணம்

நார்வே தேசத்துப் பெர்கன் நகரில் 1991 முதல் ஆண்டுதோறும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், பாலர்களும் குடும்பத்தாரும் வர்த்தக ஸ்தாபனத்தாரும் சுட்டுக் கொணரும் இஞ்சி ரொட்டி வீடுகளெல்லாம் ஒரு சிறு பட்டணமாகவே உருக்கொள்ள, அதைக் காண வருவோர் செலுத்தும் கட்டணத்தில் மிஞ்சுவது குழந்தைகள் நலனுக்கான தர்மத்துக்குச் செல்கிறது. இஞ்சியும் பட்டையும் கிராம்பும் மணக்கும் மாவைச் சுவர்களாக வெட்டிச் சுட்டு, முட்டை வெண்கருவில் சர்க்கரைப் பொடி குழைத்த சாந்தால் ஒட்டி, அது நன்றாக இறுகும்வரை கூரையேற்றாமல் காத்திருக்கும் பொறுமையே இக்கலையின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம். ஜன்னல் துளையில் மிட்டாய்த் துண்டை இட்டு, அடுப்பில் உருக்கிக் கண்ணாடியாக்கும் யுக்தியோ அதிரமணீயம்! (தின்னாமலிருக்கும் பாலரின் வைராக்கியத்தையும் மெச்சத்தான் வேண்டும்.) 2009-ல் துஷ்டனொருவன் இப்பட்டணத்தைத் துவம்சம் செய்துவிட, நகரத்தார் மீண்டும் மாவு பிசைந்து புதிய வீடுகளைச் சுட்டு வந்தனர்.