பதிவேட்டில் பெயர் பெறுதல்: சுங்கை பூலோவை முன்வைத்துக் குடிவழித் தேடல் பற்றிய ஒரு மறுநோக்கு

ஒருவர் தம் முன்னோரை அறிய இனி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை, கணினி முன் அமர்ந்தால் போதும் என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. இக்கருத்து யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைச் சுங்கை பூலோ வட்டாரத் தமிழ்க் குடும்பங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பதிவேட்டையும் ஒரு பனுவலாகக் கொண்டு, அதனை எழுதியவர் யார், எதன் பொருட்டு எழுதினார் என வினவுவது திறனாய்வின் கடமை என்பது நம் கருத்து.

ஒப்பீட்டிற்கு ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்வோம். மலாயாத் தோட்டத் துரைமார்களுள் ஸ்காட்லாந்தியர் பலர் இருந்தனர். 1821இல் சிங்கப்பூரில் கத்ரி நிறுவனத்தைத் தோற்றுவித்த அலெக்சாண்டர் கத்ரியும் அந்நாட்டவரே. எடின்பரோ, ஹைலண்ட்ஸ் எனக் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டப் பெயர்களிலும் அந்நாட்டின் சாயல் உண்டு.

ஸ்காட்லாந்தில் 1855 சனவரி முதல் நாள் தொட்டுப் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பெயரும், தாய் பிறந்த வீட்டின் குடும்பப் பெயரும் இடம்பெறும். திருமணப் பதிவில் இருவீட்டுப் பெற்றோர் பெயர்களும் இடம்பெறும். இவ்வாறு ஒவ்வொரு பதிவும் முந்தைய தலைமுறைக்குத் திறக்கும் கதவாக அமைகிறது. 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' என்னும் அரசு இணையத்தளம் 2002 முதல் இப்பதிவுகளைக் கட்டணத்திற்கு வழங்கி வருகிறது. முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு அங்குத் தங்கியிருந்த காலத்தில், நண்பர் ஒருவர் ஒரே மாலைப் பொழுதில் ஐந்து தலைமுறைகளை எட்டியதை நாம் அருகிருந்து கண்டோம். அவ்விரைவிற்குக் கணினியை மட்டும் பாராட்டுவது பொருந்தாது. ஒன்றரை நூற்றாண்டிற்கு முன் அப்படிவத்தை வகுத்தவர்க்கும் அதில் பங்குண்டு.

நாடு திரும்பியபின் அதே முறையை நம் பாட்டியார்க்குப் பொருத்திப் பார்த்தோம். அவர் சுங்கை பூலோவை அடுத்த தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். தேடுபொறி முதலில் கேட்டது குடும்பப் பெயரை. நம்மவர்க்கு அது இல்லை. 'அ/பெ' என்னும் குறியை அடுத்துத் தந்தை பெயர் வரும். தாயின் பெயர் அங்கேயே மறைந்துவிடும். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தவாறு உரோமன் எழுத்தில் எழுதியமையால் ஒரே பெயர் ஐந்தாறு வடிவங்களில் காணப்படும். நம் தேடல் ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டவில்லை.

தமிழர் வரலாற்றில் ஆவணமே இல்லை என்று இதனால் முடிவு கட்டுதல் தவறாகும். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் சென்றோர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்தம் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியன கப்பற் பட்டியல்களில் உள்ளன. அவை இன்று கணினியில் தேடத்தக்க வடிவிலும் கிடைக்கின்றன. மலாயாவிலோ ஒப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறையில் வந்தோர் 'சுதந்திரத் தொழிலாளர்' எனப்பட்டனர். 1938இல் இந்திய அரசு அம்முறையைத் தடை செய்யும் வரை வந்து குவிந்த அவர்களுக்கு நேட்டாலைப் போன்று இணையத்தில் தேடத்தக்க முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை. கட்டுண்டவர்க்குக் கோப்பு உண்டு. சுதந்திரர் எனப்பட்டவர்க்கு அது இல்லை என்னும் முரண் ஈண்டு நோக்கத்தக்கது.

சுங்கை பூலோ இம்முரணை மேலும் தெளிவாக்குகிறது. 1930இல் அங்குத் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் சீனர், மலாயர், தமிழர் எனப் பல இனத்தவரும் தனிமைப்படுத்தப்பட்டனர். தோட்டத்தில் எண்ணிக்கையுள் ஒருவராய் வாழ்ந்தவர், நோயுற்று வாயிலைக் கடந்த நாளில் பெயரும் நாளும் குறிக்கப்பட்ட தனியாளானார். ஸ்காட்லாந்தில் பிறந்தமையே பதிவிற்குப் போதுமானதாக இருந்தது. நம்மவர் பதிவில் பெயர் பெறக் கட்டுண்ண வேண்டியிருந்தது.

அங்கே பிறந்த குழந்தைகள் நோய்த்தொற்று அச்சத்தால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, உறவினரிடமோ தத்தெடுப்போரிடமோ ஒப்படைக்கப்பட்டனர். அக்குழந்தைகளுள் சிலர் இன்று முதுமையில் தம் தாயின் பெயரைத் தேடுகின்றனர். குடிவழித் தேடல் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்போர் இவர்களை நினைதல் வேண்டும். 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி இடிக்கப்பட்டது. 2019இல் அவ்விடம் யுனெஸ்கோ உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்குக் கிட்டிய இம்மதிப்பு அங்கு வாழ்ந்தோரின் பெயர்களுக்கும் கிட்ட வேண்டாமா?

இவ்விடத்து நம் துறையும் தன்னாய்வு செய்தல் தகும். கெர்னியல் சிங் சாந்து 1969இலும், சி. அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட நூல்கள் இந்தியர் குடியேற்றத்தின் பேரளவை நமக்கு உணர்த்தின. அவர்களுக்குப் பின்வந்த நாம் அவ்வெண்களையே மீண்டும் மீண்டும் எடுத்தாண்டோம். எண்களுக்குள் இருந்த மனிதரைப் பெயர் சொல்லி அழைக்க முற்பட்டது குறைவே. நேர்காணல் கண்ட முதியோரிடம் கூலி எவ்வளவு என வினவிய நாம், தாயின் பெயர் யாதென வினவ மறந்தோம். இக்குறை நமக்கும் உரியது.

அவ்வாறாயின் குடியிருப்பின் பதிவுகள் அனைத்தையும் உடனே இணையத்தில் ஏற்றிவிடலாமா? கூடாது என்பதே நம் துணிபு. தொழுநோயால் வந்த பழிச்சொல் இன்னும் முற்றாக அகலவில்லை. ஸ்காட்லாந்தின் தளமும் பிறப்புப் பதிவின் படியை 100 ஆண்டுகளும், திருமணப் பதிவை 75 ஆண்டுகளும், இறப்புப் பதிவை 50 ஆண்டுகளும் கடந்தபின்னரே இணையத்தில் காட்டுகிறது. பெற்றோரைத் தேடும் வழித்தோன்றலுக்கு முதலுரிமையும், ஏனையோர்க்குக் கால வரையறையும் வகுத்தல் முறையாகும்.

எஞ்சிய குடும்பங்களுக்குத் தோட்ட அலுவலகத்துச் செக்ரோல், கோயில் நன்கொடைக் கணக்கு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, நிழற்படத்தின் பின்புறக் குறிப்பு ஆகியனவே மூலங்கள். தோட்டங்கள் நகர்களாக மாறிவரும் இக்காலத்தில் இவற்றைத் திரட்டுவதைத் தள்ளிப்போட இயலாது. திரட்டும்போது குடும்பப் பெயரைத் தேடும் அயலார் படிவத்தை அப்படியே பின்பற்றாது, தாயின் பெயருக்கும் பூர்விக ஊருக்கும் தனித்தனிக் கட்டம் வகுத்தல் வேண்டும். நம் மாணவர் முதலாமாண்டுக் களப்பணியில் தத்தம் பாட்டியின் பெயரிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.