திரும்பிப் போகாத நோட்டு

பழைய நோட்டு சேர்ப்பவர்கள் ஒரு தாளைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது மடிப்பைத்தான். நடுவில் மடிஞ்சிருக்கா, ஓரம் கிழிஞ்சிருக்கா, குண்டூசி குத்தின ஓட்டை இருக்கா? மடிப்பு கூடக்கூட மதிப்பு இறங்கும். வாசகர்களுக்கு இது விசித்திரமாகத்தான் படும். அட்டை கசங்காததால் ஒரு நாவலை நல்ல நாவல் என்று யாராவது சொல்வோமா?

நோட்டும் ஒரு பிரதிதான். அதில் இருப்பது ஒரே வாக்கியம்: கொண்டு வருகிறவருக்கு இவ்வளவு பணம் தருகிறேன். கீழே ஒரு கையெழுத்து, ஓர் ஊரின் பெயர்.

அமெரிக்காவில் 1863 முதல் 1935 வரை சிற்றூர் வங்கிகள்கூடத் தங்கள் பெயரில் நோட்டு வெளியிட்டன. வடிவம் அரசு கொடுத்தது. வங்கியின் பெயரும் ஊரின் பெயரும் நோட்டின் முகத்திலேயே இருக்கும். அங்கே சேகரிப்பாளர்கள் சொந்த ஊர் நோட்டைத் தேடி அலைகிறார்கள்.

சோமனூர்க்காரர் ஒருவர் அப்படித் தேடினால் ஒண்ணும் கிடைக்காது. 1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கி நோட்டு வெளியிட்டது. 1861இன் காகிதப் பணச் சட்டம் அந்த உரிமையை அரசுக்கு எடுத்துக்கொண்டது. கும்பகோணத்தில் 1904இலும் கரூரில் 1916இலும் தூத்துக்குடியில் 1921இலும் நம் ஊர் வங்கிகள் பிறந்தபோது, டெபாசிட் வாங்கலாம், கடன் கொடுக்கலாம். சொந்தப் பெயரில் நோட்டு போட முடியாது.

அரசு நோட்டிலும் முதலில் ஊர் இருந்தது. மெட்ராஸ் வட்டத்து நோட்டைக் கல்கத்தாவில் கொடுத்துக் காசு கேட்க உரிமை கிடையாது. தபாலில் அனுப்பும்போது நோட்டை ரெண்டாக வெட்டி, முதல் பாதி போய்ச் சேர்ந்த சேதி வந்த பிறகே மறுபாதியை அனுப்புவார்கள். வெட்டி ஒட்டிய அந்த நோட்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் தரும் தரம் குறைவு. என் வாசிப்பில் அவைதான் உயர்ந்த பிரதிகள். அனுப்பினவரின் பயம், காத்திருந்தவரின் நம்பிக்கை ரெண்டும் அந்த ஒட்டில் இருக்கே!

இன்னொன்றும் கவனிக்கணும். வங்கி நோட்டு வங்கிக்கே திரும்பி, பணம் கொடுக்கப்பட்டு, ரத்தானால் அதன் கதை நல்லபடியாக முடிந்தது என்று பொருள். அப்படி முடிந்ததால்தான் மிச்சம் அரிதாகிறது. மாதிரித் தாள்கள், ரத்தான தாள்களை விட்டுவிட்டால், ஆல்பத்தில் இருப்பது யாரோ காசாக்காமல் போனது. பெட்டியில் மறந்திருக்கலாம், ஆள் செத்துப்போயிருக்கலாம், வங்கியே மூழ்கியிருக்கலாம். ‘அரியது’ என்ற சொல்லுக்குள் ஒருவரின் நஷ்டம் இருக்கிறது. மதிப்பெண் போடும் சேகரிப்பு அதைக் கேட்பதில்லை. என் குறை அதுதான்.

சோமனூரில் இது சட்டெனப் புரியும். நோட்டில் அந்த ஊர் பெயர் வராமல் போகலாம். ‘தருகிறேன்’ என்ற வாக்கியம் அங்கே பழக்கமானது. விசைத்தறிக்காரர்கள் பாவு நூல் வாங்கி, கூலிக்கு நெய்து கொடுக்கிறவர்கள். 2021 கடைசியில் நடந்த பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதக் கூலி உயர்வு என்று முடிவானது. அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. அந்த முடிவை எழுதிய தாளை நூறு வருஷம் கழித்து ஒருவர் ஏலத்தில் எடுத்து, மடிப்பே இல்லை, பிரமாதம் என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

மடிப்பைப் பாருங்க, தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்க: இந்தக் காசு யார் கைக்குப் போயிருக்கணும்?