ஹெரால்டும் ஃபிகோவும்: ஜிஎஸ்டி சாலையின் இரண்டு சின்னக் கார்கள்

தாம்பரம் பக்கம் பழைய கார் பேச்சை எடுத்தால் போதும், "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா சார்? அத்தனையும் இரும்பு!" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். இதைச் சோதித்துப் பார்க்க வெளியூர் போக வேண்டாம், ஜிஎஸ்டி சாலையிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 948 சிசி. இன்னொன்று, அங்கிருந்து சுமார் 12 கி.மீ. தெற்கே மறைமலை நகரில் ஃபோர்டு 2010-இல் கொண்டுவந்த ஃபிகோ, பெட்ரோலில் 1196 சிசி.

ஹெரால்டின் பாடி ஒரே கூடு அல்ல. தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிய துண்டுகள். காரணம் சுவாரசியமானது. 1950களில் பிரிட்டனில் ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழுக் கூடு செய்து தர ஆள் இல்லாததால் துண்டு துண்டாகச் செய்தார்கள். அந்த நெருக்கடியே வண்டலூர் மாதிரி தூரத்து ஆலைகளுக்கு வசதியாகிவிட்டது. பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்ட் இங்கே பிறந்தது. பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகச் சாய்த்தால் இன்ஜின் முழுசாகக் கண்முன் நிற்கும். ஃபிகோவில் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரு விளக்கு எரிந்தால் ஸ்கேனர் தேட வேண்டும்.

ஆக, ஹெரால்டின் பெருமை பிரித்து வேலை பார்க்கும் வசதிதான். உறுதி என்பது வேறு விஷயம். அதன் பின்சக்கர அச்சு, வேகமாக வளைவில் திரும்பினால் சக்கரத்தை உள்ளே மடக்கி வண்டியை ஆட்டங்காண வைக்கும். 1972-இல் வந்த கெஸலில் அதைக் கைவிட்டு நேர் அச்சுக்குப் போனார்கள்.

மோதலில் தகட்டின் தடிமன் மட்டும் ஆளைக் காப்பாற்றாது. முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் கூடு நசுங்கக் கூடாது. மூல ஹெரால்டை வடிவமைத்தவர்களே இரும்பை மட்டும் நம்பவில்லை. மோதினால் உள்வாங்கும் ஸ்டியரிங் தண்டை வைத்திருந்தார்கள்.

அதற்காக, புதுசு என்றாலே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2014-இல் குளோபல் என்கேப், ஏர்பேக் இல்லாத ஃபிகோவை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டது. கூடு தாங்கியது. ஆனாலும் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்யம் ஸ்டார். நல்ல கூட்டைக் கட்டிவிட்டு, ஏர்பேக்கை விலை கூடிய வகைக்கு ஒதுக்கிவிட்டார்கள். இதை என்னால் பொறியியல் தவறு என்று சொல்ல முடியவில்லை. இது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

ஹெரால்ட் எப்போதோ நின்றுபோனது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் அந்தக்கால ஃபிகோக்கள் செகண்ட் ஹாண்டில் இன்னும் கைமாறுகின்றன. வாங்கப் போகிறவர் கதவைத் தட்டிப் பார்த்துத் தகட்டை மெச்ச வேண்டாம். "இதில் ஏர்பேக் இருக்கா?" என்று முதலில் கேட்கட்டும்.